நாணலும் கரும்பும்

நுழையும்முன்

கரும்பு ஆலைக்குச் செல்லும் பயிர். நாணல் ஆற்றங்கரையில் எவரும் விதைக்காமல் வளரும் புல். இவ்விரண்டுக்கும் உள்ள உறவை உயிரணுவின் உள்ளே சென்று ஆராய்ந்தவர், கரும்பையும் மக்காச்சோளத்தையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தவர், தம் இறுதிக் காலத்தைச் செங்கற்பட்டு மண்ணில் கழித்தவர் அறிவியலறிஞர் ஜானகி அம்மாள். அவரது வாழ்க்கையை அறிவோம்.

ஆற்றங்கரையும் வயலும்

மாமல்லபுரத்திற்குத் தெற்கே பாலாறு கடலோடு கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் மணற்பரப்பாகவே கிடக்கும் அவ்வாற்றின் கரைகளில் நாணல் தழைத்து நிற்கும். வெண்பட்டுப் போன்ற அதன் பூங்கதிர்கள் காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்தாடும். அங்கிருந்து மேற்கே சென்றால் மதுராந்தகம், படாளம் பகுதிகளின் பாசன வயல்களில் கரும்பு விளைவதைக் காணலாம். நாணலை எவரும் நடுவதில்லை. அதற்கு எவரும் நீர் பாய்ச்சுவதுமில்லை. வரப்பைக் கடந்து வந்தால் உழவர் அதைக் களையென்று வெட்டி எறிவர். கரும்போ கரணை நட்டு, மண் அணைத்து, சோகை உரித்து, பத்து முதல் பன்னிரண்டு திங்கள் காத்திருந்து வெட்டப்படும் பயிர். ஒன்றின் தண்டு நாரும் சக்கையுமாய் மெலிந்திருக்கும். மற்றொன்றின் தண்டில் சாறு நிறைந்திருக்கும். இவ்விரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உறவுகள் என்றால் முதலில் நம்பத் தோன்றாது. ஆனால், நம் முன்னோர் இந்தப் புல்லுக்குப் பேய்க்கரும்பு என்றும் ஒரு பெயர் வைத்திருக்கின்றனர். பெயரிட்டவர்கள் அவ்வுறவை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தார்கள் போலும்.

தாவரங்களை உறவுமுறையில் பகுத்துப் பார்க்கும் பழக்கம் தமிழுக்குப் புதிதன்று. புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் பிரித்தார். அப்பகுப்பின்படி பனையும் தெங்கும்கூடப் புல்லே. இன்றைய தாவரவியல் பனையைப் புற்குடும்பத்தில் சேர்ப்பதில்லை. எனினும் நெல், கரும்பு, சோளம், மக்காச்சோளம், மூங்கில், நாணல் ஆகிய அனைத்தையும் ஒரே புற்குடும்பத்தில்தான் வைக்கிறது. ஒரே குடும்பம் என்றால் அவற்றுள் எது எதற்கு நெருங்கிய உறவு? ஒன்றின் வலிமையை மற்றொன்றுக்குக் கொடுக்க முடியுமா? களையென்று எறியப்பட்ட புல்லிடமிருந்து உழவருக்குப் பயன் கிடைக்குமா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய வேளாண்மையின் முன் நின்ற கேள்விகள் இவை. அவற்றுக்கு உயிரணுவின் உள்ளே விடை தேடியவர்களுள் முதன்மையானவர் எடவலத் கக்கட் ஜானகி அம்மாள்.

தலச்சேரியிலிருந்து மிச்சிகனுக்கு

அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த தலச்சேரியில் 1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள் ஜானகி அம்மாள் பிறந்தார். தந்தை திவான் பகதூர் கிருஷ்ணன் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். நீதிமன்றப் பணிக்கு இடையிலும் அவர் இயற்கையை ஊன்றிக் கவனித்து வந்தார். வீட்டில் அழகிய தோட்டம் அமைத்தார். வட மலபாரின் பறவைகளைப் பற்றி எழுதினார். பிள்ளைகள் பலர் நிறைந்த பெரிய குடும்பம் அது. செடியின் பெயரையும் பறவையின் குரலையும் ஜானகி அம்மாள் பள்ளிக்கூடத்திற்கு முன்பே அத்தோட்டத்தில் கற்றிருக்க வேண்டும்.

அக்குடும்பம் அந்நாளைய சாதி அடுக்கில் தாழ்வாக வைக்கப்பட்டிருந்த தீயர் சமூகத்தைச் சேர்ந்தது. பெண்கல்வி அரிதாக இருந்த காலமும் அது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பெண்ணுக்குத் திருமணம் என்பதே ஊர் வழக்கம். சகோதரியர் ஒவ்வொருவராக மணம் முடித்துச் சென்றபோது, ஜானகி அம்மாள் படிப்பைத் தேர்ந்தெடுத்துச் சென்னைக்குப் புறப்பட்டார். இராணி மேரி கல்லூரியில் பட்டம் பெற்று, மாநிலக் கல்லூரியில் தாவரவியலில் சிறப்புப் பட்டத்தை 1921ஆம் ஆண்டு முடித்தார். பின்னர்ச் சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். அவர் வாழ்நாள் முழுவதும் மணம் செய்துகொள்ளவில்லை.

ஆசிய நாடுகளைச் சேர்ந்த பெண்கள் உயர்கல்வி பெறுவதற்கென்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் பார்பர் உதவித்தொகை என்னும் பெயரில் ஓர் உதவித்தொகையை வழங்கி வந்தது. அதனைப் பெற்று 1924இல் அங்குச் சென்ற ஜானகி அம்மாள் முதுகலைப் பட்டம் பெற்றுத் திரும்பினார். சிலகாலம் சென்னையில் கற்பித்தபின் மீண்டும் மிச்சிகன் சென்று 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் இத்தகைய பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே எனக் கருதப்படுகிறார். அவர் தேர்ந்துகொண்ட துறை செல்மரபியல். உயிரணுவின் உட்கருவில் உள்ள குரோமோசோம்களின் எண்ணிக்கை, வடிவம், நடத்தை ஆகியவற்றைக் கொண்டு உயிர்களின் மரபை அறியும் துறை இது.

அக்காலத்தில் குரோமோசோம்களை எண்ணுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. வளரும் வேர்நுனியைத் தக்க நேரத்தில் வெட்டியெடுத்து, வேதிநீர்மத்தில் இட்டு, மெழுகில் பதித்து, தாளினும் மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைக்க வேண்டும். பிரிந்துகொண்டிருக்கும் உயிரணு ஒன்று கண்ணில் பட்டால் அதில் சிதறிக் கிடக்கும் நுண்ணிய கோல்களை ஒவ்வொன்றாக எண்ணி வரைய வேண்டும். இருபது கோல்கள் எனில் எளிது. நூற்றுக்கு மேற்பட்டவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால்? கரும்பு அத்தகைய செடிதான்.

கோயம்புத்தூரில் ஐந்தாண்டுகள்

நாடு திரும்பிய ஜானகி அம்மாள் திருவனந்தபுரத்தில் மகாராசா அறிவியல் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியராக இரண்டாண்டுகள் பணியாற்றினார். பின்னர் 1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலறிஞராகச் சேர்ந்தார். அந்நிலையம் தோன்றிய வரலாற்றைச் சிறிது அறிந்துகொண்டால்தான் அவரது பணியின் அருமை விளங்கும்.

தென்னகத்தில் வேளாண் கல்வி தொடங்கிய இடம் செங்கற்பட்டு மாவட்டத்தோடு சேர்ந்திருந்த சைதாப்பேட்டை. அங்கு 1868இல் தொடங்கப்பட்ட வேளாண் பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது. அதனை அடுத்து 1912இல் கரும்புக்கென்று தனி நிலையம் அவ்வூரில் அமைந்தது. காரணம் மிக எளிது: கோயம்புத்தூரில் கரும்பு தாராளமாகப் பூக்கும். வட இந்தியாவில் பல இடங்களில் கரும்பு பூப்பது அரிது. பூவின்றி விதையில்லை, விதையின்றிக் கலப்பினமில்லை.

அந்நாளில் இந்தியா சாவகத் தீவிலிருந்து சருக்கரையைக் கப்பல் கப்பலாக வாங்கிக்கொண்டிருந்தது. கரும்பை வெகுகாலத்திற்கு முன்பே அறிந்த நாடு, அதன் இனிப்பை வெளிநாட்டிலிருந்து வாங்கியது வியப்புக்குரியது. அதியமானின் முன்னோர் இம்மண்ணுக்குக் கரும்பைக் கொணர்ந்ததாகச் சங்கப் பாடல் குறிப்பிடும் அளவுக்கு நம்மிடம் அது பழமையானது. ஆயினும் வட இந்திய வயல்களில் விளைந்தவை மெல்லிய, சாறு குறைந்த கரும்புகள். தென்னகத்தின் பருத்த கரும்புகளோ வடக்கின் குளிரையும் வறட்சியையும் தாங்கமாட்டாதவை.

நிலையத்தின் முதல் அறிஞரான பார்பரும், அவரிடம் பணியாற்றிப் பின்னர்த் தலைமையேற்ற தமிழ்நாட்டவரான வெங்கட்ராமனும் இதற்கு ஒரு துணிவான வழி கண்டனர். வெள்ளை என்னும் பருத்த கரும்பின் பூவில் நாணலின் மகரந்தத்தைத் தூவினர். பிறந்த கன்றுகளுள் ஒன்று கோ 205 என்னும் பெயருடன் 1918இல் பஞ்சாபு உழவர்களுக்குச் சென்றது. கோ என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும் எழுத்து. தாயிடமிருந்து இனிப்பையும் நாணலிடமிருந்து தாங்கும் ஆற்றலையும் பெற்ற அக்கரும்பு, அங்கிருந்த உள்ளூர் வகைகளைவிடக் கணிசமாக விளைந்தது. வரப்போரத்துக் களை வயலின் நடுவே வந்து நின்றது அப்போதுதான்.

கரும்பு இனப்பெருக்கத்தின் முறை நெல்லினுடையதைப் போன்றதன்று. கரும்பின் ஒரு பூங்கதிரில் ஆயிரக்கணக்கான சிறு பூக்கள் இருக்கும். பஞ்சு போன்ற இழைகளுக்கிடையே கடுகினும் சிறிய விதைகள் உண்டாகும். அவற்றைச் சட்டிகளில் விதைத்தால் முளைக்கும் ஒவ்வொரு கன்றும் ஒவ்வொரு குணத்தோடு இருக்கும். உடன்பிறந்தார் ஆயிரவருள் ஒருவர் மட்டும் அரசாளத் தகுந்தவர் என்பது போல, பல்லாயிரம் கன்றுகளிலிருந்து ஒன்றிரண்டே தேறும். தேறிய கன்றைக் கரணையாக வெட்டி நட்டால் அதன் குணம் தலைமுறை தலைமுறையாக மாறாமல் நிற்கும். ஆகவே ஒரே ஒரு நல்ல செடி கிடைத்தால் போதும். அது ஒரு நாட்டின் வயல்களை நிரப்பிவிடும்.

அந்த ஒரு செடி எவ்வாறு பிறக்கிறது என்பது மட்டும் புரியாத புதிராக இருந்தது. பருத்த கரும்பின் உயிரணுவில் 80 குரோமோசோம்கள் உள்ளன. கோயம்புத்தூர் நாணலில் 64. பொது விதிப்படி இரண்டிலும் பாதிப் பாதி சேர்ந்து 72 வர வேண்டும். ஆனால், கோ 205இல் இருந்தவை 112. தாய்க்கரும்பு தன் 80 குரோமோசோம்களையும் முழுதாகக் கொடுத்துவிட, நாணல் தன் பங்கான 32ஐ மட்டும் கொடுத்திருந்தது. இயற்கை தன் கணக்கை இவ்வாறு மாற்றிப் போடும் இடங்களை எல்லாம் அறிய, நுண்ணோக்கியின் முன் அமர்ந்து எண்ணுவதற்குப் பயிற்சி பெற்ற கண்கள் தேவைப்பட்டன. ஜானகி அம்மாளின் இடம் அதுவாயிற்று.

அவர் கரும்பின் காட்டுறவுகளை வரிசையாக ஆராய்ந்தார். நாணல் இந்தியாவின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு குரோமோசோம் எண்ணிக்கையோடு இருப்பதைக் கண்டு, அதன் பரவலை ஒழுங்குபடுத்தினார். நாணல் இனம் இந்திய மண்ணில் தோன்றியது என்னும் கருத்துக்கு அவரது ஆய்வு வலுச் சேர்த்தது. அது மட்டுமன்றி, பேரின எல்லைகளைக் கடந்தும் கலப்பினங்களை உண்டாக்கினார். ஒரு பேரினத்துக்குள் கலப்பது உறவுக்குள் மணம் செய்வதைப் போன்றது. பேரினம் கடந்து கலப்பது மொழியறியா நாட்டில் சம்பந்தம் செய்வதைப் போன்றது. பெரும்பாலும் விதையே உண்டாகாது.

கரும்பும் மக்காச்சோளமும்

இத்தகைய முயற்சிகளுக்குப் பின்னால் உழவரின் ஓர் ஆண்டு இருந்தது. கரும்பு வயலை ஏறத்தாழ ஓராண்டு பிடித்துக்கொள்ளும். சோளம் நான்கு திங்களில் வீடு வந்து சேரும். சோளத்தின் விரைவைக் கரும்புக்குக் கொடுத்தால் உழவர் குறைந்த காலத்தில், குறைந்த நீரில் அறுவடை காணலாமே என்று எண்ணி, 1930களின் தொடக்கத்தில் வெங்கட்ராமன் கரும்பையும் சோளத்தையும் கலந்திருந்தார். மூங்கிலோடும் முயன்றார். அக்கலப்பினங்களின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள், அவ்வழியில் மேலும் ஓர் அடி சென்று, கரும்பையும் மக்காச்சோளத்தையும் இணைத்தார்.

மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்தின் பயிர். கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்து சில நூற்றாண்டுகளே ஆகின்றன. அதன் உச்சியில் ஆண்பூங்கொத்து விரியும். இலைக்கக்கத்தில் உள்ள கதிரிலிருந்து பட்டு நூல்போலச் சூலகத் தண்டுகள் தொங்கும். ஆணும் பெண்ணும் தனித்தனி இடத்தில் இருப்பதால் அதைப் பிற செடியோடு கலப்பது எளிது. அதன் குரோமோசோம்கள் இருபதே. எண்பது உடைய கரும்பும் இருபது உடைய மக்காச்சோளமும், இரு வேறு கண்டங்களில் இரு வேறு மக்களால் வளர்க்கப்பட்ட இரண்டு புற்கள், கோயம்புத்தூர்த் தோட்டத்தில் ஒரு செடியாயின. இச்செய்தியை அவர் 1938இல் நேச்சர் என்னும் உலகப் புகழ்பெற்ற அறிவியல் இதழில் வெளியிட்டார்.

அச்செடி எந்த உழவரின் வயலையும் சென்றடையவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. இனப்பெருக்க உயிரணுக்கள் உருவாகும்போது ஒவ்வொரு குரோமோசோமும் தனக்குரிய இணையைத் தேடும். நெடுந்தொலைவு உறவுகள் ஒன்றுசேர்ந்த செடியில் பல குரோமோசோம்களுக்கு இணை கிடைப்பதில்லை. அதனால் இத்தகைய செடிகள் பெரும்பாலும் மலடாகவே நின்றுவிடுகின்றன. விளைச்சலை மட்டும் அளவுகோலாகக் கொள்பவருக்கு இது தோல்வி. ஆனால், எந்தப் புல் எந்தப் புல்லோடு எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதை அச்செடிகள் காட்டின. உழவருக்குப் பயன் தருவது மிகத் தொலைவான உறவா, அருகிலேயே கவனிக்கப்படாமல் கிடக்கும் உறவா என்னும் கேள்விக்கு அவை விடையளித்தன. இன்றுவரை உலகின் கரும்பு வயல்களில் விளையும் வகைகளுள் பெரும்பாலானவற்றில் ஓடுவது நாணலின் குருதியே. தென்னகத்தில் பல பத்தாண்டுகள் கோலோச்சிய கோ 419 என்னும் கரும்பும் அத்தகையதே.

கோயம்புத்தூர் வாழ்க்கை அவருக்கு எளிதாக இருக்கவில்லை. ஆண்களே நிறைந்த நிலையம். தனித்து வாழும் பெண். அதிலும் சாதி அடுக்கின் மேல்தட்டில் பிறவாதவர். அவருடைய தகுதிக்கேற்ற மதிப்பு உடன் பணியாற்றியவர்கள் எல்லாரிடமிருந்தும் கிடைக்கவில்லை. எனினும் வெளியுலகம் அவரை அறிந்துகொண்டது. சர் சி.வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் 1935இல் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

குண்டுமழையில் ஒரு நூல்

1939ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் நடைபெற்ற உலக மரபியல் மாநாட்டிற்கு ஜானகி அம்மாள் சென்றார். மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே ஐரோப்பா போரின் விளிம்பில் நின்றது. சில நாள்களில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கினார். இலண்டனுக்கு அருகில் மெர்ட்டன் என்னும் ஊரில் இருந்த ஜான் இன்னசு தோட்டக்கலை நிறுவனத்தில் செல்லியல் ஆய்வாளராகப் பணியாற்றினார். இரவில் வானூர்திகள் குண்டு வீசும். அவர் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வார் என்றும், காலையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு ஆய்வைத் தொடர்வார் என்றும் உறவினர் நினைவுகூர்ந்துள்ளனர். அவர் இந்தியாவிலிருந்து மறைத்துக் கொண்டுசென்ற அணிற்பிள்ளை ஒன்றும் அந்நிறுவனத்தில் அவரோடு வாழ்ந்ததாம்.

அந்தப் போர்க்காலத்தில்தான் டார்லிங்டன் என்னும் புகழ்பெற்ற அறிஞருடன் இணைந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பேட்டை அவர் உருவாக்கினார். 1945இல் வெளிவந்த அந்நூல் ஆயிரக்கணக்கான தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையை ஓரிடத்தில் திரட்டித் தந்தது. எங்கோ ஒரு நாட்டில் ஒரு பயிரை மேம்படுத்த விரும்பும் அறிஞர், அப்பயிரையும் அதன் காட்டுறவையும் இணைக்க முடியுமா என்று அறிய முதலில் புரட்டும் நூலாக அது விளங்கியது.

பின்னர் விசுலி என்னும் இடத்தில் உள்ள அரசத் தோட்டக்கலைக் கழகத்தின் தோட்டத்தில் பணியில் சேர்ந்தார். செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் கால்ச்சிசின் என்னும் பொருளைக் கொண்டு அங்கு ஆய்வுகள் செய்தார். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள நச்சுப்பொருளும் இந்தக் கால்ச்சிசின்தான். அவர் மருந்திட்டு வளர்த்த மக்னோலியாக் கன்றுகளுள் ஒன்று வெண்ணிற மலர்கள் பூக்கும் வகையாக ஜானகி அம்மாள் என்னும் அவரது பெயரையே தாங்கி நிற்கிறது.

எரிந்துபோன மரம்

இந்தியா விடுதலை பெற்றபின், பிரதமர் ஜவகர்லால் நேரு அவரை 1951இல் தாய்நாட்டுக்கு அழைத்தார். இந்தியத் தாவரவியல் கள ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் சிறப்பு அலுவலராக 1952இல் அவர் பொறுப்பேற்றார். அலகாபாத்தில் அமைந்த மத்தியத் தாவரவியல் ஆய்வகத்திற்கு இயக்குநராகவும் இருந்தார். ஆங்கிலேயர் காலத்தில் நம் காடுகளிலிருந்து திரட்டப்பட்ட தாவரங்களின் உலர்மாதிரிகள் பல இலண்டனில் இருந்தன. தன் நாட்டுச் செடியைக் காண இந்தியர் கப்பலேற வேண்டிய நிலை அவருக்கு உறுத்தலாக இருந்தது. நம் தாவரங்களை நாமே திரட்டி, நாமே ஆராய்ந்து, இங்கேயே பாதுகாக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

நாடு அப்போது பசியோடு போராடிக்கொண்டிருந்தது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகப் புதுநிலங்கள் உழவுக்குக் கொண்டுவரப்பட்டன. அதன் தேவையை மறுக்க முடியாது. ஆனால், அதன் விலை என்ன என்பதை ஜானகி அம்மாள் நேரில் கண்டார். அசாமின் அப்பகுதியில் எஞ்சியிருந்த ஓர் அரிய மக்னோலியா மரத்தைக் காண, சில்லாங்கிலிருந்து 37 மைல் தொலைவு சென்றார். சென்று சேர்ந்தபோது அம்மரம் எரிக்கப்பட்டுக் கிடந்தது. வாழ்நாளெல்லாம் உழவருக்காகச் செடிகளை இணைத்தவருக்கு இது சாதாரண இழப்பன்று. நாணல் இல்லாமல் கோ 205 இல்லை. எந்தக் காட்டுச் செடியில் எந்தப் பயிரின் எதிர்காலம் ஒளிந்திருக்கிறது என்று எவரால் முன்கூட்டிச் சொல்ல முடியும்? புதிய வகை வயலுக்கு வரும்போது பழைய வகை மறைகிறது. புதிய வயல் வரும்போது காடு மறைகிறது. அடுத்த புதிய வகையை உண்டாக்கத் தேவைப்படும் பொருளே அந்தப் பழைய வகையும் காடும்தான். பயிர் மேம்பாட்டின் உள்ளே இருக்கும் இம்முரணை அவரளவுக்குத் தெளிவாக அறிந்தவர் அந்நாளில் மிகச் சிலரே.

1955இல் அமெரிக்காவின் பிரின்சுடன் நகரில், மனிதர் புவியின் முகத்தை எவ்வாறு மாற்றிவருகின்றனர் என்பதை ஆராய உலக அறிஞர்கள் கூடினர். அழைக்கப்பட்டவர்களுள் ஒரே பெண் ஜானகி அம்மாள். அங்கு அவர் தம் குரோமோசோம் ஆய்வுகளைப் பேசவில்லை. இந்தியப் பழங்குடியினர் காட்டையும் சிறு நிலத்தையும் சார்ந்து வாழும் வாழ்க்கை முறையைப் பற்றியும், செடிகளைப் பற்றி அவர்கள் கொண்டுள்ள அறிவைப் பற்றியும் பேசினார். பின்னாளில் இனத்தாவரவியல் அவரது முதன்மைத் துறையாகவே மாறிற்று.

அலகாபாத்தை அடுத்துச் சம்முவில் உள்ள வட்டார ஆய்வகத்திலும், சிறிதுகாலம் திராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்திலும் பணியாற்றினார்.

மதுரவாயல்

1970ஆம் ஆண்டு நவம்பரில், எழுபத்து மூன்றாம் வயதில், ஜானகி அம்மாள் சென்னைக்கு வந்தார். இளமையில் தாவரவியல் கற்ற அதே நகரம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் மதிப்புறு அறிவியலறிஞராகச் சேர்ந்து, அம்மையத்தின் கள ஆய்வகம் அமைந்திருந்த மதுரவாயலிலேயே குடியேறினார். மதுரவாயல் அப்போது நகரமன்று. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த, செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கிய ஓர் ஊர்.

அங்கு மருந்துச் செடிகளுக்கென்று ஒரு தோட்டத்தை வளர்த்தார். ஓய்வுபெற்ற அறிஞர் பொழுதுபோக்காகச் செய்யும் தோட்டவேலை என்று அதை எண்ணிவிடக் கூடாது. அச்செடிகளின் குரோமோசோம்களையும் எண்ணிக்கொண்டிருந்தார், கட்டுரைகளை எழுதிக்கொண்டிருந்தார். மஞ்சள் நிறச் சேலையும் எளிய உணவும் காந்திய வாழ்க்கையும் அவரது அடையாளங்கள். பூனைகள் பலவற்றை வளர்த்தார். ஒரே தாய் ஈன்ற குட்டிகளுக்குள் உள்ள சிறுசிறு வேறுபாடுகளைக் கவனித்து மகிழ்ந்தார். கரும்பின் கன்றுகளில் வேறுபாடு தேடிய கண் எண்பதாம் வயதிலும் ஓயவில்லை. 1977இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.

அந்நாள்களில்தான் கேரளத்தின் பாலக்காட்டு மலைகளில், குந்திப்புழை ஆற்றின் குறுக்கே நீர்மின் திட்டம் ஒன்று முன்மொழியப்பட்டிருந்தது. அணை எழுந்தால் அமைதிப் பள்ளத்தாக்கு என்னும் மழைக்காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கும். கவிஞர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் அதனை எதிர்த்தனர். மின்சாரம் வேண்டும் என்போரின் வாதமும் எளிதில் தள்ளக்கூடியதன்று. அப்பகுதி மக்களுக்கு வேலையும் ஒளியும் தேவைப்பட்டன. ஜானகி அம்மாள் தாம் அறிந்த வழியில் அவ்விவாதத்தில் கலந்துகொண்டார். எண்பது வயதைக் கடந்த நிலையில், அக்காட்டுத் தாவரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் ஆய்வைத் தொடங்கினார். காடு மூழ்குமுன் அதில் என்ன இருக்கிறது என்பதாவது பதிவாக வேண்டும் என்று அவர் எண்ணினார். கரும்புக்கு நாணல் எப்படியோ, அப்படி நாளைய பயிர்களுக்கும் மருந்துகளுக்கும் உறவான செடிகள் அங்கு இருக்கக்கூடும் அல்லவா?

அந்த ஆய்வுகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1984ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், மதுரவாயலில் அவர் காலமானார். அணைத் திட்டம் அதற்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது. அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.